எவ்வளவு குடுக்குது?

தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சு. பஸ்ல பக்கத்துல உக்காந்தா விழத்தானுங்க செய்யும். வண்டி பெட்ரோலாக் குடிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தீங்களே, லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?

நாப்பத்தஞ்சா? நூத்தி இருபத்தஞ்சு சிசி வண்டிதானுங்களே? பத்தாதுங்க. எதோ கோளாறு இருக்குது. டயர்ல காத்து பாத்தீங்களா? எல்லாரும் என்ஜினத்தான் மொதல்ல பிரிப்பாங்க, காத்தைப் பாக்க மாட்டாங்க. காத்து கொறஞ்சா வண்டி சேத்துல நடக்கற மாதிரி இழுத்துட்டுத்தான் போகும். அப்பறம் செயினு. நெம்ப இறுக்கமாவும் இருக்கக்கூடாது, தொங்கவும் கூடாது. ஏர் பில்டர் அடைச்சிருந்தா என்ஜினு மூச்சு விட முடியாம திணறும். கிளட்சைப் பாதி புடிச்சுட்டே போற பழக்கம் இருக்குதுங்களா? சில பேரு பிரேக்கு மேல கால வெச்சுட்டே ஓட்டுவாங்க. அவங்களுக்கே தெரியாது. அது ஒரு வியாதிங்க.

இந்தாளுக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. நான் கவர்மெண்டு பஸ் டிரைவருங்க. ரிட்டயர் ஆயாச்சு. சென்னியப்பன்னு பேரு. டீசல் மிச்சம் புடிக்கறதுல எங்க டிப்போவுல நாந்தான் மொதல்ல வருவேன். ஒருக்கா கூட்டம் போட்டு, சால்வை போத்தி, ஒரு எவர்சில்வர் அண்டா குடுத்தாங்க. "சென்னியப்பன் ஓட்டுனா ஓடறமா நிக்கறமான்னு பஸ்சுக்கே தெரியாது"ன்னு மேனேஜர் மைக்குல சொன்னாரு. என்ற ஊட்டுக்காரி ருக்குமணி இன்னிக்கும் அதுலதான் தண்ணி புடிச்சு வெக்கறா.

இந்த டிரைவரப் பாருங்க. அடுத்த ஸ்டாப்பு கண்ணுக்குத் தெரியுது. அப்பறம் எதுக்கு ஆக்சிலேட்டர அமுத்தற? அமுத்திப்போட்டு உடனே பிரேக்கு. அத்தனையும் வீண். போகட்டும், சின்னப் பையன்.

எதுக்குச் சொல்ல வந்தேன்னா, என்ற பையன் வண்டி அறுபத்திரெண்டு குடுத்துதுங்க.

நம்ப மாட்டீங்க. வண்டி வித்த கடைக்காரனே நம்பல. புல் டேங்க் அடிச்சு, ஓட்டி, மறுபடியும் புல் டேங்க் அடிச்சுப் பாக்கற கணக்குங்க, சும்மா குத்துமதிப்பு இல்ல. என்ற பையன் நந்தகோபால். திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். தெனமும் காங்கேயத்துல இருந்து போயிட்டு வருவான். வண்டி வாங்குன அன்னிக்கு நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "திருகாத. தடவிக் குடுக்கற மாதிரி ஓட்டு." அவ்வளவுதான். புடிச்சுக்கிட்டான்.

உள்ளதச் சொல்லணும்னா தம்பி, நானும் அவனும் அதிகமாப் பேசிக்கிட்டது இல்லீங்க. அவன் வளர்ற காலத்துல நான் ராத்திரி வண்டி. நான் வர்றப்ப அவன் பள்ளிக்கொடம் போயிருப்பான், அவன் வர்றப்ப நான் தூங்கிட்டு இருப்பேன். அப்பறம் அவன் பெரிய ஆளாயிட்டான். என்ன பேசறது? ஆனா பெட்ரோல் அடிச்சா மட்டும் போன் வரும். "அப்பா, அறுபது." "காத்து பாத்தியா?" "பாத்தேன்." "சரி வெய்யி." அடுத்த வட்டம், "அப்பா, அறுபத்தொண்ணு." "செயின் பாரு." கடைசியா ஒரு நாளு பெட்ரோல் பங்குல நின்னுக்கிட்டே கூப்பிட்டான். "அப்பா! அறுபத்திரெண்டு!" அப்படியொரு சிரிப்பு. அவன் கண்ணாலத்தன்னிக்குக்கூட எங்கிட்ட அப்படிச் சிரிச்சது இல்லீங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. பங்குல இருந்த ஆளுங்க என்ன நெனச்சாங்களோ.

அவன் போயிட்டானுங்க.

அந்த வண்டியில இல்லீங்க. அந்த வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஞாயித்துக்கெழமை, கூட்டாளி வண்டியில பின்னாடி உக்காந்துட்டு தாராபுரம் ரோட்டுல ஒரு கண்ணாலத்துக்குப் போனாங்க. திருப்பத்துல எதோ லாரி மணலைக் கொட்டிட்டுப் போயிருக்குது. முன்னாடி ஓட்டுனவன் பிரேக்க அமுத்தியிருக்கான். மணல்ல பிரேக் புடிச்சா என்ன ஆகும்? அவனுக்குக் கையில சிராய்ப்பு. நம்மாளுக்குத் தலையில பட்டுருச்சு. அத விடுங்க. அதச் சொல்ல வரல நான்.

வண்டியச் சொல்ல வந்தேன்.

காரியமெல்லாம் முடிஞ்சுது. வந்த ஒறம்பரை சனமெல்லாம் போயிட்டாங்க. வண்டி போர்டிகோவுல தார்ப்பாய் போத்திக் கெடந்துது. மருமக கோகிலவாணி, எங்க பேத்தி மிதுனா, நான், ருக்குமணி. நாலு பேரும் நாலு மூலையில. கொஞ்ச நாள் கழிச்சு கோகிலா வந்து நின்னா. நல்ல புள்ளைங்க, குறை சொல்ல முடியாது. "மாமா, வெள்ளகோயில்ல எண்ணெய் மில்லு ஆபீஸ்ல வேலை கெடச்சிருக்குது. போகட்டுமா?"ன்னு கேட்டா. போ கண்ணுன்னேன். ஊட்டுக்குள்ளயே கெடந்து என்ன பண்ணுவா? "வண்டிய எடுத்துட்டுப் போறேன் மாமா"ன்னா.

வேண்டாம்னு சொன்னேன். கியர் வண்டிங்க. பொம்பளப் புள்ள. கரூர் ரோட்டுல அரிசி லாரி வர்ற வரத்து உங்களுக்குத் தெரியும். "நான் எதுக்கு இருக்கேன்? நானே கொண்டிப் போய் விடறேன், நானே கூட்டிட்டு வர்றேன்"னு சொல்லிப்போட்டேன். அவ எதோ சொல்ல வாயெடுத்தா. அப்பறம், "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்"னா. சிரமம் என்னங்க சிரமம்? ஆயுசு பூரா ஊர் சனத்தையே கொண்டுபோய் விட்டவன். சொந்த மருமகள விட மாட்டனா?

அப்படித்தான் நான் அந்த வண்டிய எடுத்தேன்.

மொத தடவை டேங்க் அடிச்சுக் கணக்குப் பாத்தா, நாப்பத்தி நாலு.

தப்பாப் பாத்துட்டேன்னு நெனச்சேன். மறுபடியும் அடிச்சுப் பாத்தேன். நாப்பத்தி ரெண்டு. அதுக்கப்பறம் கீழதானுங்க எறங்குது. அதே வண்டி. அதே பெட்ரோல். ஓட்டறது யாரு? அண்டா வாங்குனவன். வண்டிக்கு என்னமோ ஆயிருச்சு, வேறென்ன?

அப்பாஸ்னு ஒரு மெக்கானிக், எங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. நந்துவுக்கு அவன்தான் வண்டி பாப்பான். அவன்கிட்டக் கொண்டிப் போனேன். பிளக்க மாத்துன்னேன், மாத்துனான். பில்டர மாத்துன்னேன், மாத்துனான். கார்ப்பரேட்டரக் கழட்டிக் கழுவுனான். ரெண்டு டயரும் புதுசு. ஒண்ணும் ஏறல. அதுமட்டும் இல்லீங்க, புதுசு புதுசாக் கோளாறு வேற. பின்னாடி பிரேக் ஷூ, இப்பத்தான் மாத்துனது, அதுக்குள்ள தேஞ்சு போச்சு. மட்டமான சாமானப் போட்டுட்டான்னு சண்டை புடிச்சேன். பின்னாடி செவப்பு பல்பு அடிக்கடி பியூஸ் ஆகும். ரோட்டுல பின்னாடி வர்றவனெல்லாம், "பெரியவரே, லைட்டு எரிஞ்சுட்டே இருக்குது"ன்னு கத்திட்டுப் போவான். வயரிங்ல ஷார்ட்டுன்னு நான் சொன்னேன். அப்பாஸ் வயரிங்கப் பாத்துட்டு, "அண்ணா, நல்லாத்தான் இருக்குது"ங்கறான்.

"நல்லா இருந்தா அறுபத்திரெண்டு எங்கடா போச்சு?"

அவன் துணியில கையத் தொடச்சுட்டே நின்னான். "ஒரு நாளு வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணா, நான் ஓட்டிப் பாக்கறேன்"னான். விட்டுட்டுப் போனேன். சாயங்காலம் போனா, பழனி வரைக்கும் போயிட்டு வந்தேன், அறுபதுக்கு மேல குடுக்குதுங்கறான். எனக்குன்னா கோவம் உச்சிக்கு ஏறிப்போச்சு. "ஏமாத்தறதுக்கு ஒரு அளவு இல்லையா அப்பாஸு? நந்து இருந்தப்ப இருந்த கார்ப்பரேட்டர் இதுதானா, மாத்திப்போட்டியா? சொல்லிரு"ன்னேன். கடையில நாலு பேரு இருந்தாங்க. அவன் "டீ சாப்புடறீங்களாண்ணா"ன்னு கேட்டான். அன்னியோட அந்தக் கடைக்குப் போறத நிறுத்திட்டேன்.

பெட்ரோல் பங்க மாத்துனேன். கோகிலாவோட சோத்துப் பையில ரெண்டடுக்கு டிபன் போதும், நாலடுக்கு வேண்டாம்னேன். வெயிட்டு இருந்தாலும் இழுக்குமில்லைங்க. வெடியால போற வழியில பேத்திய பள்ளிக்கொடத்துல விட்டுட்டு இருந்தேன், அதையும் நிறுத்தி ருக்குமணியோட நடந்து போகச் சொல்லிட்டேன். ருக்குமணி என்னைய ஒரு மாதிரி பாத்தா. "ஏனுங், வண்டி ஓடுதுல்ல? ஓடற வரைக்கும் ஓடட்டும் விடுங்க"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? முப்பத்தெட்டுக்கு எறங்கிருச்சுங்க. முப்பத்தெட்டு! அது அவன் வண்டி மாதிரியே இல்ல. எவனோ ஒருத்தன் வண்டி மாதிரி ஆயிருச்சு. ராத்திரி படுத்தாலும் அதே நெனப்பு. எங்கயோ ஒழுகுது, எங்கயோ போகுது, எனக்குப் புடிபட மாட்டேங்குது. அறுபத்திரெண்டு மட்டும் வந்துருச்சுன்னா போதும்னு இருந்துது. வந்துட்டா என்னன்னு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியாது.

கோகிலா மில்லு விட்டு வந்து கேட்டுல நிப்பா. எனக்குச் சித்த லேட்டாகும். கூட வேலை செய்யற புள்ளைக எல்லாம் போயிருவாங்க, இவ மட்டும் நின்னுட்டு இருப்பா. ஒரு நாளும் மொகஞ் சுளிச்சது இல்ல. வெள்ளகோயிலுக்கு நான் போற நேரத்துல பஸ்ல ரெண்டு தடவை போயிட்டு வந்தரலாம்னு ருக்குமணி சொல்லுவா. கோகிலா சொல்ல மாட்டா. பின்னாடி உக்காந்தா ஒரு வார்த்தை பேச மாட்டா. அமைதியான புள்ளைன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

அப்பறம் அந்தச் சனிக்கெழமை வந்துது.

பள்ளிக்கொடம் லீவு. "தாத்தா, அம்மாவக் கூட்டிட்டு வர நானும் வர்றேன்"னு மிதுனா அழுதா. வெயிட்டாச்சேன்னு பாத்தேன். பாவம்னு டேங்க் மேல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். மில்லு கேட்டுல வண்டிய நிறுத்திப்போட்டு வாட்ச்மேன்கூடப் பேசிட்டு இருந்தேன். புள்ள வண்டியச் சுத்தி வெளையாடிட்டு இருந்துது. திடீர்னு வீல்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா வெரலப் புடிச்சுக்கிட்டுத் துடிக்கறா. பின்சக்கரத்துக்கு நடுவுல டிரம்மு இருக்குமில்லைங்க, பிரேக் ஷூ இருக்கற எடம், அதத் தொட்டுப்போட்டா. அது கொதிச்சுக் கெடந்திருக்குது. வெரல் நுனி அப்படியே வெளுத்துருச்சு.

கோகிலா ஓடி வந்தா. வாட்ச்மேன் தண்ணி கொண்டாந்தாரு. புள்ள வெரல டம்ளர்ல முக்கிப் புடிச்சுக்கிட்டே, அவ இன்னொரு கைய டிரம்முகிட்டக் கொண்டி போனா. தொடல. கிட்டப் போனதுமே எடுத்துட்டா. அப்பறம் என்னையப் பாத்தா.

"மாமா, நீங்க பிரேக்குல இருந்து காலே எடுக்கறது இல்லைங்க மாமா."

"என்னது?"

"மொத நாள்ல இருந்தே. எதுத்தாப்புல லாரி வந்தா அமுத்தறீங்க. பஸ் வந்தா அமுத்தறீங்க. ஒண்ணும் வராட்டியும் அமுத்திட்டுத்தான் இருக்கறீங்க. மூணாவது கியருக்கு மேல போட்டதே இல்ல. கிளட்சும் விட மாட்டேங்கறீங்க."

அவ குரல ஒசத்திச் சொல்லலீங்க. மெதுவாத்தான் சொன்னா. ஆனா வாட்ச்மேன் நின்னுட்டு இருக்காரு, மில்லு ஆளுங்க நாலஞ்சு பேரு நிக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? முப்பது வருசத்துக்கு மேல ஸ்டியரிங் புடிச்சவன். டிப்போவுக்கு வர்ற புதுப் பசங்களுக்கு, கால பிரேக்குல வெச்சுட்டு ஓட்டாதீங்கடான்னு சொல்லிக் குடுத்தவனே நான்.

"அப்படியிருந்தா இத்தனை நாளு ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"எப்படிங்க மாமா சொல்றது? நீங்க பயந்துக்கறீங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

பயமாம்! எனக்காம்! தம்பி, மலைப் பாதையில மழையில வண்டி ஓட்டியிருக்கேன் நான். என்னையப் பாத்து. எனக்கு என்ன வந்துதுன்னு தெரியல, "நேத்து வந்தவ நீ. என்ற பையன் வண்டிய எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றியா?"ன்னு கேட்டுப்போட்டேன்.

அவ என்னையவே பாத்துட்டு நின்னா. "நேத்து வந்தவதாங்க மாமா"ன்னா. புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு நேரா பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டா. கூப்பிட்டேன். திரும்பல.

நான் ஒத்தையில வண்டிய எடுத்துட்டு வந்தேன். அன்னிக்கு அவ சொன்னது பொய்னு காட்டணும்னு கால நல்லாத் தூக்கி வெச்சுட்டு ஓட்டுனேன். ஒரு லாரி வந்துது. குனிஞ்சு பாக்கறேன், கால் பிரேக்கு மேல இருக்குது. நான் வெக்கலீங்க. தூக்கி வெச்சேன். அடுத்த திருப்பம், ஓரத்துல மணல் கெடந்துது. பாக்கறேன், மறுபடியும் அங்கதான் இருக்குது. அமுத்திட்டு இருக்குது. வயசானா கால்ல உணர்ச்சி கொறையும்னு டாக்டருங்க சொல்லுவாங்கள்ல, அதாத்தான் இருக்கும். பின்னாடி ஆரன் சத்தம் கேட்டுது. பஸ்ஸு. வழி விட்டேன். என்னையத் தாண்டிப் போகுது, ஜன்னல்ல மிதுனா. வெரல்ல துணி சுத்தியிருக்குது. அந்தக் கையாலயே எனக்கு டாட்டா காட்டிட்டுப் போறா. பக்கத்துல கோகிலா நேராப் பாத்துட்டு உக்காந்திருக்கா.

திங்கக்கெழமை வெடியால, நான் குளிச்சுட்டு வெளிய வர்றேன், கோகிலா போர்டிகோவுல தார்ப்பாய மடிச்சு வெச்சுட்டு இருக்கா. கையில சாவி. குடுத்தது ருக்குமணி. எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் பேசியிருக்காங்க. நான் என்னமோ சொல்லப் போனேன். அதுக்குள்ள கிக்கர ஒரே மிதி, வண்டி ஸ்டார்ட்டு. மொத கியரப் போட்டு, கிளட்ச விட்டா பாருங்க, ஒரு ஆட்டம் இல்ல, ஒரு குலுக்கல் இல்ல, தண்ணியில படகு போற மாதிரி போச்சு. தெரு முக்குல ரெண்டாவது கியர். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் தம்பி. நந்து மாத்தற மாதிரியே இருந்துது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு ருக்குமணியக் கேட்டேன்.

"நந்துதான். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போயி, பின்னாடி உக்காந்து சொல்லிக் குடுத்தான். திருகாத, தடவிக் குடுக்கற மாதிரி ஓட்டுன்னு சொல்லுவானாம்."

எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க அவன். கோகிலாவும் சொல்லல. அன்னிக்கு வேண்டாம்னு நான் சொன்னப்ப வாயெடுத்தாளே, அதச் சொல்லத்தான் இருந்திருக்கும். நான் கேக்கல.

அப்பறம் அவதான் ஓட்டுனா. புள்ளைய பள்ளிக்கொடத்துல விட்டுட்டு வேலைக்குப் போவா. பொழுதோட வந்துருவா. நான் வண்டிய எடுக்கல. எனக்கென்ன வேலை இருக்குது? ஒரு நாளு சாயங்காலம் வந்தவ, ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம உள்ள ஓடி வந்தா. மொகத்துல ரொம்ப நாளைக்கப்பறம் ஒரு சிரிப்பு. "மாமா! அறுபத்தொண்ணு குடுக்குதுங்க மாமா!"

எனக்காகத்தான் கணக்குப் பாத்திருக்கா. அது எனக்குத் தெரியும். சந்தோசப்படுவேன்னு நெனச்சிருப்பா. நானும் அதுக்குத்தானே நாயா அலைஞ்சேன்? ஆனா தம்பி, அது என்னமோ அவ வாயில இருந்து வந்ததும் எனக்கு அங்க உக்காந்திருக்க முடியல. எந்திரிச்சு வெளிய போயிட்டேன். கொழாயத் தொறந்து கால் கழுவிட்டே நின்னேன். ரொம்ப நேரம் கழுவுனேன் போல, ருக்குமணி வந்து கொழாய மூடுனா. உள்ள வந்தா கோகிலா அப்படியே நின்னுட்டு இருக்கா. "மீட்டரு தப்பாக் காட்டும்"னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டேன். அதுக்கப்பறம் அவ சொல்றதில்ல. நானும் கேக்கறதில்ல.

ஆறேழு மாசம் போச்சு. கோகிலாவோட அம்மா ஊடு ஈரோட்டுல. அங்க ஒரு ஜவுளிக் கடை ஆபீஸ்ல நல்ல வேலை கெடச்சுது. அதுக்குத்தான் போனா. சில பேரு வேற மாதிரி பேசுனாங்க, மாமனார்கூட ஒத்துப் போகலன்னு. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்ல வேலை, பள்ளிக்கொடம் பக்கம், அவ்வளவுதான். போறதுக்கு மொத நாளு எங்கிட்ட வந்தா. "மாமா, வண்டிய எடுத்துட்டுப் போகட்டுங்களா? இல்ல, இங்கயே இருக்கட்டும்னா இருக்கட்டுங்க."

"எடுத்துட்டுப் போ கண்ணு. இங்க யாரு ஓட்டறாங்க"ன்னேன்.

அன்னிக்கு மத்தியானம் பூரா வண்டியோடவே கெடந்தேன். தொடச்சேன். செயினுக்கு எண்ணெய் போட்டேன். தள்ளிட்டுப் போய்க் காத்துப் புடிச்சுட்டு வந்தேன். அவ கெளம்பறப்ப எல்லாத்தையும் சொன்னேன். வாரத்துக்கு ஒருக்கா காத்துப் பாரு. வெடியால சோக்கு போட்டா ஞாபகமா எடுத்துரு. சிக்னல்ல நின்னா ஆப் பண்ணு. வெயில்ல நிறுத்தாத. ஆயில் மாத்தறப்ப பக்கத்துல நின்னு பாரு. எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா மொத தடவை கேக்கற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் "சரிங்க மாமா, சரிங்க மாமா"ன்னு தலையாட்டுனா. வேற என்னமோ சொல்லணும்னு இருந்துது எனக்கு. மணலப் பாத்தா மெதுவாப் போன்னு சொன்னேன். அதுக்கு அவ சரிங்கன்னு சொல்லல. கால்ல விழுந்தா. நான் தள்ளி நின்னுக்கிட்டேன். அப்பறம் போயிட்டாங்க.

இப்ப ஊட்டுல நானும் ருக்குமணியும்தான். மாசத்துக்கு ஒருக்காவோ ரெண்டு தடவையோ இப்படி பஸ் ஏறி வருவேன். ருக்குமணி முறுக்கு, தேங்காய்னு கட்டிக் குடுப்பா. கோகிலா ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வந்து நிப்பா. ஆட்டோவுல வர்றேன்னா கேக்க மாட்டா. "உக்காருங்க மாமா"ம்பா. மருமக பின்னாடி நான் உக்காந்து போறேன், பாக்கறவங்க என்ன நெனப்பாங்களோ. மொத தடவை உக்காந்தப்ப, சும்மா சொல்லக்கூடாதுங்க, நல்லா ஓட்டுனா. கூட்டத்துல பூந்து அலுங்காமப் போறா. நான் பின்னாடி உக்காந்து அந்த என்ஜின் சத்தத்தையே கேட்டுட்டு இருந்தேன். வண்டி நல்லா இருக்குதுங்க. ஒண்ணும் ஆகல அதுக்கு. பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேனே, ஒண்ணும் ஆகல.

அப்ப கண்ணுல தூசி விழுந்துருச்சு. ஈரோட்டுத் தூசி உங்களுக்கே தெரியும். ரெண்டு கண்ணுலயும். தண்ணியா ஊத்துது. தொடைக்கறேன், நிக்க மாட்டேங்குது. முறுக்குப் பைய வேற கையில புடிச்சிருக்கேன். அவ முதுகுல தலை இடிச்சுருச்சு ஒருக்கா. கண்ணாடியில பாத்தாளா என்னன்னு தெரியல.

அவிய ஊட்டுக்கு ஒரு பார்க்கை ஒட்டி இருக்கற சந்துல திரும்பணும். சந்து வந்துது. அவ திரும்பல. நேராப் போனா. அந்தப் பார்க்கை ஒரு சுத்து சுத்தி மறுபடியும் அதே சந்து. மறுபடியும் திரும்பல. நான் சொல்லலாம்னு பாத்தேன், கண்ணு இன்னும் ஊத்திட்டுத்தான் இருந்துது. இன்னொரு சுத்து. மெதுவா, நாலாவது கியர்ல, அலுங்காம. நான் மொகத்தத் தொடச்சு முடிச்சு, மூக்கச் சிந்தி, சரியா உக்காந்தப்பறம்தான் திரும்புனா. ஊட்டு வாசல்ல மிதுனா நின்னுட்டு இருந்தா. "ஏன் தாத்தா இவ்வளவு நேரம்?"னு கேட்டா. "உங்கம்மாவுக்கு வழி தெரியல சாமி"ன்னேன். கோகிலா சிரிச்சுக்கிட்டே, "ஆமா, மறந்துட்டேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

பொறந்து வளந்த ஊருங்க அது அவளுக்கு. அதுவும் ஒரு தடவைன்னா பரவால்ல, போறப்பவெல்லாம் அதே கூத்துதான். சந்து வரும், தாண்டிப் போயிருவா, ஒரு சுத்து, ரெண்டு சுத்து. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பெட்ரோல் வீணாப் போகுது. இப்படி ஓட்டுனா எந்த வண்டிதான் குடுக்கும்?

ஸ்டாண்டு வந்துருச்சு போல. அந்தப் பைய சித்த எடுத்துக் குடுங்க தம்பி. ஆமா, அந்த மஞ்சப் பைதான்.

இன்னிக்காவது சொல்லிப்போடணும், மொத சந்துலயே திரும்பு கண்ணுன்னு. ஒவ்வொரு தடவையும் எறங்கறப்ப நெனச்சுட்டுத்தான் எறங்கறேன்.

சொல்றதில்லீங்க.